தவமும் தவவேடமும்: பாலக்காட்டு மேடைகளில் இராவணன்

இராவணனை வெறும் கொடியவனாக நிறுத்திவிட்டால் இராமாயணத்தில் பாதி விளங்காமல் போய்விடும். அவன் வேதம் ஓதியவன்; வீணையில் வல்லவன்; சிவனிடம் அடங்காத பக்தி கொண்டவன்; உடன்பிறந்தாரிடமும் மக்களிடமும் உயிரை வைத்தவன். இல்லாமையிலிருந்து தன் முயற்சியால் மேலேறி மூன்று உலகையும் ஆண்டவன். உயர்ந்தே தீரவேண்டும் என்ற வேட்கை அவனை ஆளாக்கியது. பின்னால் அவனைக் கெடுத்ததும் அதே வேட்கைதான். ஒரே குணம் இரண்டு வேலையையும் எப்படிச் செய்தது என்பதே இராவணன் கதையின் சாரம்.

இதைக் கண்ணாலும் காதாலும் அறிந்துகொள்ளப் பாலக்காடு மாவட்டத்தைப் போல் வாய்ப்பான இடம் வேறில்லை. அங்கே மூன்று இராவணர்கள் இன்றும் வாழ்கிறார்கள். கதகளி மேடையில் ஆடும் இராவணன் ஒருவன். பகவதி கோயில் கூத்துமாடங்களில் கம்பன் பாட்டுக்கு நிழலாக அசையும் தோற்பாவை இராவணன் இன்னொருவன். கர்க்கடக மாதத்தில் வீடுதோறும் குத்துவிளக்கின் முன் வாசிக்கப்படும் எழுத்தச்சனின் இராவணன் மூன்றாமவன். முதல் இருவரையும் அடுத்தடுத்துப் பார்த்தால் ஒரு துன்பியல் நாயகனின் ஏற்றமும் இறக்கமும் முழுமையாகக் கிடைக்கும். மூன்றாமவனைப் பார்த்தால், எது இருந்தால் கதை துன்பியல் ஆகும், எது இல்லாவிட்டால் ஆகாது என்பது தெளிவாகும்.

துன்பியல் நாயகன் யார் என்பதற்கு அரிஸ்டாட்டில் கி.மு. 4ஆம் நூற்றாண்டில் ஓர் அளவுகோல் வைத்தார். குற்றமே இல்லாத நல்லவன் வீழ்ந்தால் பார்ப்பவருக்கு அதிர்ச்சிதான் மிஞ்சும். முழுக் கயவன் வீழ்ந்தால் யாரும் வருந்தமாட்டார்கள். இரண்டுக்கும் நடுவே, பெரும்புகழோடு வாழ்ந்தவன் தன்னுடைய ஒரு பிழையால் வீழும்போதுதான் இரக்கமும் அச்சமும் சேர்ந்து எழுகின்றன என்றார் அவர். தமிழில் தொல்காப்பியம் எட்டு மெய்ப்பாடுகளில் ஒன்றாகப் பெருமிதத்தைச் சொல்லி, அது பிறக்கும் இடங்களாகக் கல்வியையும் அஞ்சாமையையும் புகழையும் கொடையையும் காட்டுகிறது. இவை எல்லாம் இராவணனிடம் உண்டு. குறையால் மட்டும் வீழ்ந்தவனாக இருந்தால் அவனை மறந்திருப்போம். நிறைகளே குறையாகத் திரும்பியதால்தான் எண்ணூறு ஆண்டுக்கு மேலாகியும் கம்பனின் இராவணன் தமிழர் மனத்தில் உறுத்திக்கொண்டே இருக்கிறான்.

ஏற்றத்தின் கதையைச் சொல்வது 'இராவணோத்பவம்' என்ற கதகளி ஆட்டக்கதை. பாலக்காடு நகரையொட்டி, ஹேமாம்பிகை கோயில் இருக்கும் கல்லேக்குளங்கரையைச் சேர்ந்த இராகவப் பிஷாரடி 18ஆம் நூற்றாண்டில் எழுதியது. இராமன் வருவதற்கு வெகுகாலம் முந்திய கதை. மாலி, சுமாலி, மாலியவான் என்ற அரக்க உடன்பிறப்புகள் திருமாலோடு போரிட்டுத் தோற்கிறார்கள், மாலி மடிகிறான், சுமாலி பாதாளத்துக்கு ஓடுகிறான். குலமே வேரற்றுக் கிடக்கும் நிலையில் சுமாலியின் மகள் கைகசி, விசிரவ முனிவரை மணந்து இராவணனையும் உடன்பிறந்தாரையும் பெறுகிறாள். அதே முனிவருக்கு வேறொரு மனைவியிடம் பிறந்த குபேரனோ புட்பக விமானத்தில் பறக்கிறான், இலங்கையை ஆள்கிறான். ஒரு தந்தைக்குப் பிறந்த இருவருள் ஒருவனுக்கு எல்லாம் இருக்கிறது. இன்னொருவனுக்கு எதுவும் இல்லை.

இந்த ஆட்டக்கதையின் உயிர் 'தபஸ்ஸாட்டம்' எனப்படும் பகுதி. பாடல் இல்லாமல், மேளத்தின் துணையோடு, நடிகர் ஒருவரே முத்திரைகளாலும் கண்களாலும் நெடுநேரம் நிகழ்த்துவது. சிறுவன் இராவணன் தாய் மடியில் தலைவைத்து உறங்குகிறான். மேலே குபேரனின் விமானம் கடந்து போகிறது. அதைப் பார்த்த தாய் தன் பிள்ளைகளின் நிலையை எண்ணி அழுகிறாள்; கண்ணீர் மகன்மேல் விழுகிறது. விழித்தவன் காரணம் கேட்கிறான். தெரிந்ததும் எழுகிறான். நடிகர் அடுத்தடுத்து உறங்கும் சிறுவனாக, அழும் தாயாக, செருக்கோடு செல்லும் குபேரனாக மாறிமாறி நின்று, இறுதியில் உறுதிபூண்ட இராவணனாக நிலைகொள்வார். வெள்ளிநேழியில் பிறந்து கலாமண்டலத்தில் ஆசானாக விளங்கிய கலாமண்டலம் இராமன்குட்டி நாயர் போன்றவர்கள் இத்தகைய வேடங்களாலேயே பெரும்புகழ் பெற்றார்கள்.

பிறகு தவம். ஐந்து தீக்கு நடுவே நின்று ஆண்டுக்கணக்கில் தவம் செய்தும் பிரமன் வரவில்லை. ஒரு தலையை அறுத்து வேள்வித்தீயில் இடுகிறான். பயனில்லை. இரண்டு, மூன்று என்று ஒன்பது தலைகளும் தீயில் விழுகின்றன. பத்தாவது தலையை அறுக்க வாளை ஓங்கும்போதுதான் பிரமன் தோன்றுகிறான்.

இந்த இடத்தில் பார்ப்பவர் மனம் இராவணன் பக்கம்தான் நிற்கும். தாயின் அவமானத்தைத் துடைக்கப் புறப்பட்ட மகன், யாரிடமும் பறிக்காமல், தன்னையே விலையாகக் கொடுத்துப் பெறுகிறான். ஆனால் கூர்ந்து பார்த்தால் பின்னால் வரப்போகும் கேட்டின் விதையும் இங்கேயே கிடக்கிறது. பத்தாவது தலையை அறுத்தால் வரம் வாங்க ஆளே இருக்காது என்பது அவனுக்குத் தெரியும். தெரிந்தும் வாளை இறக்கவில்லை. உயிரைவிட வெற்றி பெரிது என்றாகிவிட்டது. தவத்தில் அந்தப் பிடிவாதம் வரம் வாங்கித் தந்தது. கடைசிப் போரில் அதுவே உயிரை வாங்கப்போகிறது.

கதகளிக் கலைஞர்கள் இந்த இரட்டைத் தன்மையை முகத்திலேயே எழுதிவைத்தார்கள். இராமன், நளன் போன்ற நாயகர்களுக்கு முகம் முழுக்கப் பச்சை. இராவணன், துரியோதனன், நரகாசுரன் போன்றவர்களுக்கும் அடிப்படை நிறம் அதே பச்சைதான். அதன்மேல் மூக்கிலிருந்து கன்னங்களை நோக்கி மேலெழும்பும் கத்தி வடிவில் சிவப்பு தீட்டி, வெள்ளைக் கோட்டால் அணைகட்டுவார்கள். மூக்கு நுனியிலும் நெற்றியிலும் வெள்ளை உருண்டைகள் ஒட்டியிருக்கும். அந்தக் கத்தி வடிவால்தான் இதற்குக் கத்தி வேஷம் என்று பெயர். நாயகனுக்குரிய பச்சையை அழித்துவிட்டுச் சிவப்பைப் பூசுவதில்லை என்பதைக் கவனிக்கவேண்டும். பச்சை நாயகர்கள் மேடையில் வாய் திறப்பதில்லை. கத்தி வேஷத்துக்கோ அலறலும் உறுமலும் உண்டு. திரையைத் தாழ்த்தித் தன் முகத்தைச் சிறிதுசிறிதாகக் காட்டும் திரைநோக்கில் முதலில் எழுவது அந்த உறுமல்தான். அரிஸ்டாட்டில் வாக்கியமாகச் சொன்னதை அரிசிமாவும் மனையோலையும் கொண்டு ஒரு முகத்தில் சொல்லிவிட்ட மரபு இது.

வரம் கேட்கும்போது ஒரு சிறு பிழை நேர்கிறது. தேவர், அசுரர், நாகர் முதலிய யாராலும் சாவு வரக்கூடாது என்று கேட்டவன் மனிதரை விட்டுவிடுகிறான். மறதியால் அல்ல, அவர்களை ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை. ஏறிக்கொண்டிருப்பவனுக்குக் கீழே இருப்பவர்கள் கண்ணில் படுவதில்லை. இராமன் என்னும் மனிதன் பிறப்பதற்கு முன்பே இராவணனின் முடிவு அந்த அலட்சியத்தில் எழுதப்பட்டுவிட்டது.

பிறகு வேட்கைக்கு எல்லை இல்லாமல் போகிறது. குபேரனிடமிருந்து இலங்கை கிடைக்கிறது. அது போதாமல் அவனைப் போரில் வென்று விமானத்தையும் எடுத்துக்கொள்கிறான். தாயின் கண்ணீருக்கு அத்தோடு கணக்கு தீர்ந்தது. ஆனாலும் நிற்கவில்லை. வழியை மறித்த கயிலையையே பெயர்க்கிறான். சிவன் கால்விரலால் அழுத்த மலையடியில் நசுங்கி அலறுகிறான். சாமவேதம் பாடி அருளும் வாளும் பெறுகிறான். ஞானசம்பந்தர் தம் பதிகங்கள் பெரும்பாலானவற்றில் எட்டாவது பாடலை இந்தக் காட்சிக்கே ஒதுக்கியிருக்கிறார். செருக்கு, நசுக்கம், பாடல், அருள் என்ற வரிசையைத் தமிழ்ப் பக்தி மரபு அவ்வளவு விரும்பியது. ஒருமுறையேனும் பணிந்து மீண்டவன் இராவணன் என்பதற்கு அது சான்று. இலங்கைப் போரில் அதே வாய்ப்பு மீண்டும்மீண்டும் வருகிறது; அவன் எடுத்துக்கொள்ளவில்லை.

ஏற்றம் இத்தோடு முடிகிறது. இறக்கத்தைக் காணக் கதகளி அரங்கை விட்டுக் கூத்துமாடத்துக்குப் போகவேண்டும். பாலக்காட்டிலும் அதையொட்டிய திருச்சூர், மலப்புறம் பகுதிகளிலும் பகவதி கோயில்களின் எதிரே தோற்பாவைக்கூத்துக்கென்றே கட்டிய நீண்ட மாடங்கள் உண்டு. ஏறக்குறைய 42 அடி நீளத் திரை. அதன் பின்னே வரிசையாகத் தேங்காய் மூடிகளில் எரியும் 21 எண்ணெய் விளக்குகள். மான்தோலில் துளையிட்டு வெட்டிய பாவைகள். தை முதல் வைகாசி வரையிலான விழாக்காலத்தில் 7, 14, 21 இரவுகள் என்று கோயிலுக்குக் கோயில் வேறுபடும். ஷொரணூர் அருகே கவளப்பாறை ஆரியங்காவில் 21 இரவு நடக்கும். ஆட்டுவிப்பவர்களைப் புலவர் என்றே அழைக்கிறார்கள். மலையாளம் பேசும் ஊர்களில் அவர்கள் பாடுவது கம்பனின் தமிழ் விருத்தங்கள்; விரித்துரைப்பது தமிழும் மலையாளமும் வடமொழியும் கலந்த நடை. கூனத்தறையைச் சேர்ந்த கிருஷ்ணன்குட்டிப் புலவர் இந்தக் கலையைக் கோயிலுக்கு வெளியே உலகுக்குக் கொண்டுவந்தவர். அவருடைய மகன் இராமச்சந்திரப் புலவர் 2021இல் பத்மஸ்ரீ பெற்றார்.

இராவணவதம் நடந்தபோது பத்ரகாளி தாரிகாசுரனோடு போரிட்டுக்கொண்டிருந்தாள், அதைக் காணமுடியாமல் போனது, அவள் காண்பதற்காகவே ஆண்டுதோறும் கூத்து என்பது மரபு. அதனால் எதிரே ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கூத்து விடியும்வரை நடக்கும். 1996இல் வெளிவந்த ஆய்வு நூலில் ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் இதைப் பதிவுசெய்தார்: மனிதப் பார்வையாளர் இல்லாத இரவுகளிலும் புலவர்கள் பாட்டுகளை வாதித்து விளக்குகிறார்கள். அவசரம் இல்லாத இந்த விரிவுரைதான் இராவணனுக்கு நியாயம் செய்கிறது. அவனுடைய அவையில் நடக்கும் வாதங்களுக்குப் புலவர்கள் தாராளமாக நேரம் கொடுக்கிறார்கள். சூர்ப்பணகையின் மகன் சம்புகுமாரன் இலக்குவன் வாளுக்கு இரையாகும் நிகழ்ச்சியும் இங்கே உண்டு. கம்பனில் இல்லாத இந்தச் சேர்க்கை, அரக்கர் தரப்பின் துயரத்துக்கும் ஒரு தொடக்கம் வைக்கிறது.

கம்பனின் இராவணன் அறிமுகமாகும்போது எல்லாம் அடைந்தவனாக இருக்கிறான். அடைய எதுவும் இல்லாத நிலையில் வேட்கை என்ன செய்யும்? சூர்ப்பணகை வந்து சீதையை வருணித்ததும் அது புதிய இலக்கைப் பற்றிக்கொள்கிறது. தூக்கம் கெட்டு, குளிரைப் பொறுக்காமல் பருவத்தை மாறச் சொல்கிறான். வெயில் சுட்டதும் அதையும் விரட்டுகிறான். நிலவை வரச்சொல்லி, அது எரித்ததும் போகச்சொல்கிறான். இயற்கையெல்லாம் அவன் ஏவலுக்கு ஓடுகிறது; மனம் மட்டும் ஓடவில்லை. உலகத்தை ஆளும் ஒருவன் தன்னை ஆளமுடியாத நிலைக்கு வந்ததைக் கம்பன் இப்படிக் காட்டுகிறான். இதை வெறும் காமம் என்று சொல்லி நிறுத்துபவர்கள் உண்டு. அது போதாது. மற்றவன் கையில் இருக்கும் சிறந்த பொருள் தன் கைக்கு வரவேண்டும் என்ற பழைய குபேரக் கணக்கின் தொடர்ச்சியே இது.

இங்கிருந்து அவன் குணம் படிப்படியாக மாறுகிறது. முதலில் கெடுவது கேட்கும் பழக்கம். மாமன் மாரீசன், இராமனின் அம்பைப் பட்டறிந்தவன், வேண்டாம் என்கிறான். இராவணன் மறுவாதம் சொல்லவில்லை. மாயமானாகப் போகாவிட்டால் கொன்றுவிடுவேன் என்கிறான். அறிவுரைக்கு மிரட்டல் பதிலாகிவிட்ட முதல் இடம் அது.

அடுத்தது பஞ்சவடி. அங்கே இராவணன் தவசியின் உருவில் வருகிறான்: தளர்ந்த உடல், காவியுடை, கையில் தண்டு. தபஸ்ஸாட்டத்தைப் பார்த்தவருக்கு இந்தக் காட்சி தரும் வலி மற்றவருக்குக் கிடைக்காது. ஒரு காலத்தில் ஒன்பது தலையை அறுத்துத் தவம் செய்தவன், இன்று தவத்தை வேடமாக உடுத்துகிறான். உண்மையாக உழைத்து ஏறிய ஏணியையே ஏமாற்றுக்கருவியாக்கிவிட்டான். போர்க்களத்தில் தோற்பதற்கு நெடுநாள் முன்னால், குடிசை வாசலிலேயே இராவணன் தோற்றுவிட்டான் என்று சொல்லலாம். அதே நாளில் இன்னொன்றும் நடக்கிறது. கயிலையின் கீழ் நசுங்கிப் பாடிப் பெற்ற சிவனுடைய வாளை வயது முதிர்ந்த சடாயுவின் மேல் பாய்ச்சுகிறான். தவத்தின் பலன் ஒரு கிழப்பறவையின் சிறகை வெட்டப் பயன்படுகிறது.

மூன்றாவது, உறவுகளின் இழப்பு. இலங்கை அவையில் கும்பகருணன் அண்ணனை முகத்துக்கு நேரே கண்டிக்கிறான்: மானத்தைப் பற்றிப் பேசிக்கொண்டு ஆசையை வளர்க்கிறோமே என்று. கண்டித்தவன் அண்ணனை விட்டுப் போகவில்லை. சாகப்போகிறோம் என்று தெரிந்தே போருக்குப் போகிறான். வீடணன் அறத்தை எடுத்துச் சொல்லி விரட்டப்படுகிறான். உடன்பிறப்புகளுக்காகத் தவம் தொடங்கிய அண்ணன், ஒரு தம்பியைக் களத்தில் பலி கொடுத்து, இன்னொருவனைப் பகைவன் பக்கம் தள்ளிவிடுகிறான். சிவனைத் தவிர யாரிடமும் வணங்காத தலைகள், அசோகவனத்தில் சீதை முன் மண்ணில் படிகின்றன.

ஷேக்ஸ்பியரின் மாக்பெத் இதற்கு நெருங்கிய உறவினன். 1606ஐ ஒட்டி எழுதப்பட்ட அந்த நாடகத்தில் ஸ்காட்லாந்தின் வீரத் தளபதி ஒருவன், சூனியக்காரிகள் சொன்ன வருங்காலத்தை நம்பி அரசனை உறக்கத்தில் கொல்கிறான். முதல் கொலைக்கு முன் நடுங்குகிறான். அடுத்தது நண்பன் பாங்க்வோ. அதற்கடுத்து மாக்டஃபின் மனைவியும் குழந்தைகளும். கடைசியில் மனைவி இறந்த செய்திகூட அவனை அசைக்கவில்லை. வேட்கை மாக்பெத்தின் உணர்ச்சியை மரக்கச் செய்கிறது. இராவணனிடம் நடப்பது வேறு. அவன் உணர்ச்சி கடைசிவரை மரக்கவே இல்லை. கும்பகருணனுக்காகவும் இந்திரசித்துக்காகவும் அவன் அழும் அழுகை கம்பனில் கல்லையும் கரைக்கும். மாக்பெத் அழ மறந்தவன்; இராவணன் அழுதுகொண்டே அதே வழியில் நடந்தவன். இரண்டாவதுதான் கொடுமை என்று தோன்றுகிறது.

முதல்நாள் போரின் முடிவு கம்பராமாயணத்தின் உச்சங்களில் ஒன்று. தேரும் படையும் இழந்து வெறுங்கையோடு நின்றவனைக் கொல்லாமல், போய் நாளை வா என்று இராமன் அனுப்பிவிடுகிறான். இராவணன் தலைகுனிந்து இலங்கைக்கு நடக்கிறான். அன்றிரவு அவனை வாட்டியது தோல்வி அல்ல, நாணம். தேவர் சிரிப்பார்கள், உலகம் சிரிக்கும் என்பதெல்லாம் பெரிதாகப் படவில்லை. சீதை சிரிப்பாளே என்று குமைகிறான். குபேரனைப் பார்த்துத் தாய் அழுததில் தொடங்கிய வாழ்வு அல்லவா? பிறர் கண்ணில் தான் யார் என்பதே அவனை முதலிலிருந்து இயக்கியது. அதே இரவில் பாட்டன் மாலியவானிடம் இராமனின் வில்லாற்றலை மனம் திறந்து புகழ்கிறான். பகைவனின் பெருமையை இவ்வளவு நேர்மையாகச் சொல்லக்கூடியவன் இராவணன். உண்மை தெரியாமல் அவன் கெடவில்லை.

இந்திரசித்தும் கடைசியில் சொல்லிப்பார்க்கிறான்: சீதைமேல் வைத்த ஆசையை விட்டால் அவர்கள் சினத்தை விடுவார்கள். மகனுக்கு இராவணன் தரும் பதிலில்தான் அவன் முழுதும் வெளிப்படுகிறான். யாரையும் நம்பி இந்தப் பகையைத் தேடவில்லை, என்னை நம்பித் தேடினேன். நான் அழிந்தாலும் இராமன் பெயர் உள்ளவரை என் பெயரும் நிற்கும் என்ற பொருளில் பேசுகிறான். சீதை அடையமுடியாதவள் என்பது இப்போது அவனுக்கே தெரியும். ஆகவே வேட்கை மீண்டும் இடம் மாறுகிறது: பெண்ணை விட்டுப் புகழுக்கு. பின்வாங்காமல் அழிந்தவன் என்ற பெயர் ஒன்றுதான் இனி மிச்சம். அதற்கு அவன் கொடுத்த விலை, அந்தச் சொல்லைக் கேட்டுக்கொண்டு எதிரே நின்ற மகன்.

இறுதிப் போரில் அவன் எறிந்த படைகள் எல்லாம் வீணாகும்போது ஒரு கணம் நின்று யோசிக்கிறான். இவன் சிவனும் அல்லன், பிரமனும் அல்லன், திருமாலும் அல்லன். ஒருவேளை வேதங்களுக்கே மூலமான முதல்வனோ என்று ஐயம் வருகிறது. உடனே அடுத்த நினைப்பு: யாராக இருந்தால் என்ன, என் ஆண்மையிலிருந்து நான் விலகமாட்டேன். கிரேக்கத் துன்பியலில் நாயகன் உண்மையை உணரும் கணமே திருப்புமுனை. இராவணன் உணர்கிறான், திரும்பவில்லை. பத்தாவது தலைக்கு ஓங்கிய வாள் மறுபடி ஓங்கி நிற்கிறது, தடுக்கப் பிரமன் வரவில்லை.

தமிழ்க் காப்பியங்களில் இதற்கு நேர்மாறான நாயகனும் இருக்கிறான். இடுக்கி மாவட்டத்தில் குமுளிக்கு மேலே, தமிழக எல்லையில் மங்கலதேவி கண்ணகி கோயில் இருக்கிறது. சித்திரை முழுநிலவு நாளில் இரு மாநில மக்களும் மலையேறி வழிபடுகிறார்கள். கண்ணகி கதையில் வரும் பாண்டியன் நெடுஞ்செழியனும் துன்பியல் நாயகனே. ஆனால் அவன் பிழை அவசரத்தால் நேர்ந்தது. சிலம்பு உடைந்து மாணிக்கம் தெறித்ததும் தன் தவறு விளங்குகிறது. அரியணையிலேயே உயிர் விடுகிறான். அறிவதற்கும் சாவதற்கும் இடையே அவனுக்கு நேரமே இல்லை. இராவணனுக்கோ நாட்கணக்கில் நேரம் இருந்தது, சொல்லிக்காட்ட ஆட்களும் இருந்தார்கள். அவசரப் பிழை ஒருவனை நொடியில் வீழ்த்தும். வேட்கையோ ஒருவனை உள்ளிருந்து மாற்றி, விழிப்போடு விழச் செய்யும்.

மூன்றாவது இராவணன் சித்தூரின் கொடை. பாலக்காட்டின் கிழக்கில், தமிழ் பேசும் மக்கள் நிறைந்த சித்தூரில், சோகநாசினி ஆற்றங்கரையில் துஞ்சத்து எழுத்தச்சனின் குருமடம் இருக்கிறது. அவர் இயற்றிய அத்யாத்ம ராமாயணம் கிளிப்பாட்டு ஆடிமாதத்தை ஒட்டிய கர்க்கடகம் முழுவதும் கேரள வீடுகளில் வாசிக்கப்படுகிறது. அங்கே இராவணன் இராமனைத் திருமால் என்று முன்பே அறிந்தவன். அவன் கையால் இறந்தால் வைகுண்டம் கிட்டும் என்று எண்ணிப் பகையை வழியாகத் தேர்ந்தவன். பக்தருக்கு இது பேராறுதல். துன்பியல் மட்டும் கரைந்துவிடுகிறது. தேடியதையே ஒருவன் அடைந்தால் அது வெற்றிதானே? கூத்துமாடத்து இராவணனுக்கு அந்த ஆறுதல் கிடையாது. அவனுடைய சாவு உண்மையான இழப்பு.

20ஆம் நூற்றாண்டு இராவணனுக்கு வேறு சில வாழ்வுகளையும் தந்தது. புலவர் குழந்தையின் 'இராவண காவியம்' 1946இல் வெளிவந்து, 1948இல் தடைசெய்யப்பட்டு, 1971இல் தடை நீங்கியது. அதில் அவன் குறையற்ற தமிழ் மன்னன். மலையாளத்தில் சி.என். ஸ்ரீகண்டன் நாயரின் 'லங்காலக்ஷ்மி' நாடகம் அவனை நேரடியாகத் துன்பியல் நாயகனாகவே மேடையேற்றியது. குறையற்ற இராவணன் அரசியலுக்குத் தேவைப்பட்டான். அதன் நியாயம் தனி. ஆனால் குறை நீங்கினால் மாற்றமும் நீங்கிவிடும். வேட்கை ஒரு மனிதனை என்ன செய்யும் என்பதை அறிய, பச்சையும் சிவப்பும் ஒரே முகத்தில் இருந்தாகவேண்டும்.

இராமபாணம் மார்பைத் துளைத்து இராவணன் மண்ணில் வீழ்ந்தபின், அவன் முகங்கள் உயிரோடு இருந்தபோது இருந்ததைவிட மும்மடங்கு பொலிந்தன என்கிறான் கம்பன். சினமும் ஆசையும் வெளியேறியதும் பழைய இராவணன் திரும்பி வந்துவிட்டான். மண்டோதரி வந்து விழுந்து, உடலெங்கும் அம்பு துளைத்திருப்பதைப் பார்த்து, சானகிமேல் வைத்த காதல் எங்கே ஒளிந்திருக்கிறதென்று அந்த அம்பு தேடித் தடவியதோ என்று புலம்புகிறாள்.

அதற்குச் சற்று முன்னர் ஒரு நிகழ்ச்சி. வீழ்ந்து கிடப்பவன் முதுகில் புண்ணின் தழும்புகளைக் காண்கிறான் இராமன். முதுகில் புண்பட்டவனையா வென்றோம் என்று அவனுக்கே நாணமாகிவிடுகிறது. விளக்கம் தருபவன் வீடணன். எட்டுத் திக்கையும் வெல்லப் புறப்பட்ட இளமையில் திசையானைகளோடு இராவணன் நேருக்குநேர் மோதியபோது அவற்றின் தந்தங்கள் ஒடிந்து மார்பில் தங்கிவிட்டன. இந்தப் போரில் அனுமன் விட்ட குத்தில் அவை முதுகு வழியே வெளியேறின. புறங்காட்டி ஓடியதால் வந்த தழும்பு அல்ல என்று அவன் எடுத்துரைக்கிறான். விரட்டப்பட்ட தம்பி ஒருவனுக்குத்தான் அண்ணனின் முதல் ஏற்றத்தின் கதை தெரிந்திருந்தது. அதைக் கேட்டபின் இராமனின் நாணம் நீங்குகிறது. இறந்தவனிடம் பகை இல்லை என்று சொல்லி, உரிய கடன்களைச் செய்யும்படி வீடணனை அனுப்புகிறான்.